பட்டியலில் இல்லாத பெயர்

சிரம்பானிலிருந்து கோலா பிலா செல்லும் சாலையில் அம்பாங்கானைக் கடந்து சற்றுத் தொலைவு போனால் பாரோயில் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம் வரும். 2009இலும் 2011இலும் மலேசியக் கிண்ணத்தை வென்ற நெகிரி செம்பிலான் அணியின் சொந்த அரங்கம் அது. இவ்வளவு அருகில் தொழில்முறைக் காற்பந்து நடக்கும் வட்டாரத்தில் வாழ்பவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. 13 வயதில் மாவட்டத்திலேயே சிறந்தவன் என்று அகாடமிக்கு அழைத்துச் செல்லப்பட்ட பையன், 17 வயதில் அடுத்த பட்டியலில் பெயரில்லாமல் வீடு திரும்பிய பிறகு, மாலையில் தாமான் திடலுக்குக்கூட வருவதில்லையே, அது ஏன்? ஒப்பந்தம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கால்களில் கற்ற வித்தை அப்படியே இருக்கிறது, பந்தும் இருக்கிறது, ஆட வேண்டாமென்று யாரும் தடுக்கவில்லை. போனது தொழில் வாய்ப்பு மட்டும் என்றால், சிறு வயதிலிருந்து விரும்பி ஆடிய ஆட்டமும் அதனோடு சேர்ந்து போவது விளங்கவில்லை. சோம்பல் என்றும் கர்வம் என்றும் ஊர் சொல்லும் விளக்கங்கள் இரண்டும் தவறானவை. சரியான விளக்கத்துக்குச் சில படிகள் ஏற வேண்டும்.

வடிகட்டும் அமைப்பு

மலேசியாவில் இளையோர் காற்பந்தின் உச்சப் படியாகக் கருதப்படுவது பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் இயங்கும் மொக்தார் டஹாரி அகாடமி. 2014இல் தொடங்கப்பட்ட தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், நாடெங்கும் உள்ள சிறார் பயிற்சி மையங்களில் திறமை காட்டியவர்கள் படிப்படியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 13 முதல் 17 வயது வரை இங்கே விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பையும் பயிற்சியையும் ஒருசேரப் பெறுகிறார்கள். இதற்கு முன்பே, 1996 முதல், புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி இத்தகைய பணியைச் செய்து வருகிறது. மாநில அணிகளும் பெலியா கிண்ணம், பிரசிடென் கிண்ணம் ஆகிய போட்டிகளுக்காகத் தனித்தனி இளையோர் அணிகளை வைத்திருக்கின்றன.

இந்த அமைப்புகள் ஒரு வீரனை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவிடுவது இந்த அத்தியாயத்தில் விடுவிப்பு எனப்படும். முப்பது பேர் கொண்ட ஒரு மூத்த அணியில் ஒருவர் சராசரியாகப் பத்தாண்டுகள் ஆடுவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு மூன்று இடங்களே காலியாகும். அந்த மூன்றுக்கும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் பிற அணிகளின் அனுபவசாலிகளும் போட்டியிடுவார்கள். கீழே இளையோர் அணியிலோ ஏறக்குறைய இருபத்தைந்து பேர் காத்திருப்பார்கள். ஆகவே பெரும்பாலோர் வெளியேற வேண்டியிருப்பது அமைப்பின் பழுதால் நேர்வதன்று. அந்த அமைப்பு இயங்கும் முறையே அதுதான். வருத்தத்துக்குரியது வேறொன்று. முதல் நாளிலேயே தெரிந்த இந்தக் கணக்கைப் பதின்மூன்று வயதுப் பையனிடமும் அவன் பெற்றோரிடமும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 2018இல் மலேசியாவிலேயே நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் தேசிய அணி குழுச் சுற்றோடு வெளியேறி, அடுத்த ஆண்டின் உலகக் கிண்ண வாய்ப்பையும் இழந்தபோது, ஒரு தலைமுறைச் சிறுவர்களின் ஐந்தாண்டு உழைப்பை மூன்று ஆட்டங்களின் முடிவைக் கொண்டே பலர் எடைபோட்டார்கள்.

பிறந்த மாதமும் எலும்பின் வயதும்

தீர்ப்பு எவ்வளவு உறுதியானது என்பதையும் பார்க்க வேண்டும். வயதுப் பிரிவுகள் ஜனவரி 1ஆம் தேதியை எல்லையாகக் கொள்வதால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பதின்மூன்று வயதில் பதினொரு மாத இடைவெளி உயரத்திலும் வேகத்திலும் வெளிப்படையாகத் தெரியும். கனடாவின் பனி ஹாக்கி அணிகளில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் காட்டினார்கள். பின்னர் பல நாடுகளின் காற்பந்து அகாடமிகளிலும் இதே சாய்வு காணப்பட்டது. பிறந்த மாத விளைவு என்று இதைக் குறிப்பிடலாம். இதைவிடப் பெரியது பூப்பின் வேறுபாடு: எக்ஸ்ரே படத்தில் எலும்பின் முதிர்ச்சியை அளந்தால், பிறப்புச் சான்றிதழில் ஒரே வயதுள்ள இரண்டு சிறுவர்களுக்கிடையே சில ஆண்டுகளின் வேறுபாடு இருப்பது அரிதன்று. சிறிய உடல்வாகு என்று பிரெஞ்சுக் கழகங்கள் பல ஒதுக்கிய அந்துவான் கிரீஸ்மன், ஸ்பெயினின் ரியல் சோசியடாடில் வளர்ந்து, 2018 உலகக் கிண்ணத்தை வென்ற பிரெஞ்சு அணியில் ஆடினார்.

ஆகவே விடுவிப்பு என்பது குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஓர் அளவுகோலால் எடுக்கப்பட்ட முடிவு. முடிவுக்கு எந்தக் காரணம் சொல்லப்படுகிறது, எதுவும் சொல்லப்படாமல் விடப்படுகிறதா என்பதைப் பொறுத்தே பின்விளைவு அமைகிறது. காரணம் சொல்லப்படாத இடத்தைப் பையன் தானே நிரப்பிக்கொள்கிறான், பெரும்பாலும் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற ஒரே வாசகத்தால்.

168 மணி நேரம்

இழப்பின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு வாரத்தை எடுத்துக் கணக்குப் போடுவது உதவும். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஓரிரு மணி கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறாது.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. விடுதியில் தங்கிப் பயிலும் ஒரு பதினாறு வயது வீரன் நாளுக்கு எட்டு மணி நேரம் தூங்கினால் 56 மணி போக, விழித்திருக்கும் நேரம் 112 மணி. வகுப்பறைக்கு 30 மணி. திடல் பயிற்சி, உடற்பயிற்சிக் கூடம், ஆட்டப் பதிவுகளைப் பார்த்தல் ஆகியவற்றுக்கு நாளுக்கு மூன்று மணி வீதம் ஐந்து நாளில் 15 மணி. வார இறுதி ஆட்டமும் பயணமும் 6 மணி. காற்பந்துக்கென்று நேரடியாகச் செலவாவது 21 மணி மட்டுமே, அதாவது விழித்திருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சிய 61 மணி சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், துணி துவைத்தல், அரட்டை என்று போகிறது. இந்தக் கணக்கை மட்டும் பார்க்கும் ஒருவர், ‘ஐந்தில் ஒரு பங்குதானே போயிற்று, மீதி நான்கு பங்கு இருக்கிறதே’ என்று சொல்லக்கூடும். உறவினர் பலர் சொல்லும் ஆறுதலும் இத்தகையதுதான்.

இப்போது அதே வாரத்தை வேறு விதமாகக் கணக்கிடலாம். ஒவ்வொரு மணி நேரத்தையும் பற்றி, ‘காற்பந்து இல்லாமற்போனால் இந்த மணி நேரம் இதே இடத்தில், இதே மனிதர்களோடு நீடிக்குமா?’ என்று கேட்க வேண்டும். வகுப்பறை நீடிக்காது, ஏனெனில் அந்தப் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்ததே ஆட்டத்தால்தான். சாப்பாட்டு மேசை, பக்கத்துக் கட்டில் நண்பன், விளக்கணைத்த பின் நடக்கும் கிசுகிசுப் பேச்சு என எதுவும் நீடிக்காது. வீட்டுக்குச் செய்யும் தொலைபேசி அழைப்புகள், வழிபாடு, வெளியூர் நண்பர்களுடன் கைப்பேசியில் கழிக்கும் நேரம் எல்லாம் சேர்த்துப் பத்து மணி மிஞ்சலாம். எனவே அவன் இழப்பது 21 மணியன்று, 102 மணி.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, அம்பாங்கானில் பெற்றோருடன் வாழ்ந்து, அருகிலுள்ள இடைநிலைப் பள்ளியில் படித்து, மாவட்டக் குழுவுக்கு ஆடும் இன்னொருவனை எடுத்துக்கொள்ளலாம். அவனுடைய நேரடிக் காற்பந்து நேரம் வாரத்துக்கு 12 மணி. ஆட்டம் முடிந்து ஒட்டுக்கடையில் தோழர்களுடன் தே தாரேக் குடிக்கும் நேரத்தைச் சேர்த்தால் 17 மணி. குழுவிலிருந்து நீக்கப்பட்டால் அவனும் அழுவான், ஆனால் மறுநாள் காலையில் அதே பள்ளிப் பேருந்து, அதே வகுப்பு, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட அழைக்கும் அதே மாமா. முதல் கணக்கில் 21க்கும் 12க்கும் இடையே இருந்த சிறிய வேறுபாடு, இரண்டாவது கணக்கில் 102க்கும் 17க்கும் இடையிலான பெரும் பள்ளமாகிறது. திறமை மிகுந்தவனே அதிகம் இழக்கிறான் என்ற முரண் இங்கேதான் பிறக்கிறது. அவனைச் சிறப்பாகப் பயிற்றுவிக்கச் செய்யப்பட்ட ஏற்பாடுகளே, அவன் விழும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாதபடி ஆக்கிவிட்டிருக்கின்றன.

அடைபட்ட பிற கதவுகள்

நேரத்தில் கண்ட இதே நிலை, ஒருவன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்துக்கும் பொருந்தும். ‘நீ யார்?’ என்ற கேள்விக்கு ஒருவர் எந்த அளவுக்கு ‘விளையாட்டு வீரன்’ என்று விடை சொல்கிறாரோ, அந்த அளவை உளவியலாளர் விளையாட்டு அடையாளம் என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் பிரிட்டன் புரூவரும் உடன் பணியாற்றியவர்களும் 1993இல் இதை அளக்கப் பத்து வாக்கியங்கள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டபோது, இது இருபக்கமும் வெட்டக்கூடியது என்பதையும் சுட்டினார்கள்: வலுவான விளையாட்டு அடையாளம் கடும் பயிற்சியைத் தாங்கும் ஆற்றலைத் தருகிறது, அதே அடையாளம், காயமோ நீக்கமோ நேரும்போது ஆளையே சாய்த்துவிடுகிறது.

பதின்ம வயது என்பது பல வேடங்களைப் போட்டுப் பார்த்துத் தனக்குப் பொருந்துவதைக் கண்டறியும் பருவம். அவ்வாறு தேடிப் பார்க்காமலே, பெரியவர்கள் காட்டிய ஒன்றில் உறுதியாக நின்றுவிடும் நிலையை ஜேம்ஸ் மார்சியா 1966இல் தனி வகையாக வரையறுத்தார். தமிழில் இதற்கு முன்னடைப்பு என்று பெயரிடலாம்: மற்றக் கதவுகளைத் திறந்து பார்க்கும் முன்பே அவை அடைக்கப்பட்டுவிடுகின்றன. அகாடமிச் சிறுவன் முட்டாள்தனத்தால் இந்த நிலைக்குப் போவதில்லை. பாராட்டு, புதிய காலணி, செய்தித்தாளில் படம், தந்தையின் பெருமிதம் எல்லாம் ஒரே கதவு வழியாக வரும்போது, மற்றக் கதவுகளைத் தட்டிப் பார்க்க எந்தச் சிறுவனுக்கும் காரணம் இருக்காது.

தோட்டம் துண்டாடப்பட்டபோது

எல்லாவற்றையும் ஒரே வேலிக்குள் வைத்திருந்து, ஒரே நாளில் இழப்பது எப்படியிருக்கும் என்பதை நெகிரி செம்பிலான் தமிழருக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் லயத்து வீடு, பால்மரம் வெட்டும் வேலை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், மருந்தகம், மளிகைக்கடை, பந்தாடும் திடல் அத்தனையும் ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள் இருந்தன. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளி இழந்தது கூலியை மட்டுமன்று. அந்தத் துண்டாடலைத் தடுக்கும் முயற்சியாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பின்னாளில் நகர்ப்புறங்களை ஒட்டிய தோட்டங்கள் பலவும் வீட்டுமனைகளாயின. ஆனால் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் கூட்டமாக வந்தார்கள், வந்த இடத்தில் கோயிலை மீண்டும் எழுப்பினார்கள், பழைய தோட்டத்தின் பெயரைச் சொல்லியே ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். அகாடமியிலிருந்து திரும்பும் பையன் தனியாகத் திரும்புகிறான். அந்த வகையில் அவனுடைய பாட்டன்பாட்டியர் பயிற்றுநரைவிட நல்ல ஆலோசகர்களாக இருக்கக்கூடும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

அந்தத் தலைமுறையின் காற்பந்தும் வேறு விதமானது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன் தலைமையில் ஆடிய மலேசிய அணி அமெரிக்காவை 3-0 என்று வென்றது. அடுத்த பத்தாண்டுகளில் கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தின் நீண்ட கைகளுக்கு ‘ஸ்பைடர்மேன்’ என்ற பட்டமே கிடைத்தது. மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறைக் காற்பந்து 1989இலும் முழுநேரத் தொழில்முறை லீக் 1994இலும்தான் வந்தன. அதுவரை சிறந்த ஆட்டக்காரர்கள்கூடக் காவல்துறை, இராணுவம், வங்கி, அரசு வாரியம் என ஏதோ ஒன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டே ஆடினார்கள். அன்றைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று போற்ற வேண்டியதில்லை. காயம்பட்டவருக்கு இழப்பீடுகூட எளிதில் கிடைக்காத காலம் அது. இருப்பினும் அணியிலிருந்து நீக்கப்பட்டவர் மறுநாள் காலையில் போக ஓர் அலுவலகம் இருந்தது.

மூன்றாவது வாரம்

விடுவிக்கப்பட்ட இளையோரின் மனநிலையை நாள்கணக்கில் தொடர்ந்து அளந்த ஆய்வொன்று இங்கிலாந்தில் 2016இல் வெளிவந்தது. விடுவிப்புக்கு முன்பும், ஏழு நாள் கழித்தும், இருபத்தொரு நாள் கழித்தும் அகாடமி வீரர்களிடம் மன அழுத்தம் அளக்கப்பட்டது. இருபத்தொன்றாம் நாளில், விடுவிக்கப்பட்டவர்களுள் 55 விழுக்காட்டினர் மருத்துவ கவனம் தேவைப்படும் அளவுக்கு மனத்துன்பத்தில் இருந்தனர். மூன்றாவது வாரத்திலும் துன்பம் தணியாதிருப்பதே இதில் கவனிக்க வேண்டியது. முதல் வாரத்தில் உறவினர் வருவார்கள், பயிற்றுநர் அழைப்பார், வேறு அணியின் தேர்வுக்குப் போகலாம் என்ற பேச்சு நடக்கும். மூன்றாவது வாரத்தில் அழைப்புகள் நின்றிருக்கும், பழைய தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு அவனில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். 2009இல் வெளியான மற்றோர் ஆங்கிலேய ஆய்வில், விரிவாகப் பேட்டி காணப்பட்ட நான்கு முன்னாள் வீரர்கள் அச்சம், கோபம், அவமானம் ஆகியவற்றோடு, கழகம் தங்களைக் கைவிட்டுவிட்டது என்ற உணர்வையும் விவரித்தனர்.

சாவு நேர்ந்தால் கருமாதி வரைக்கும் ஊர் கூட வரும். வேலை போனால் நான்கு பேர் விசாரிப்பார்கள். அகாடமி அனுப்பிவிட்டதற்கு எந்தச் சடங்கும் இல்லை. சமூகம் துயரமென்று ஏற்றுக்கொள்ளாத இழப்பு, துயரப்படும் உரிமையையும் சேர்த்தே பறித்துவிடுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980களில் விளக்கினார். அங்கீகாரமற்ற துயரம் என்று அதைக் குறிக்கலாம். ‘என்ன தம்பி, பள்ளி லீவா?’ என்று அடுத்த வீட்டு அக்கா அன்போடுதான் கேட்கிறார், ஆனால் அதற்கு உண்மையான விடை சொல்ல அந்தப் பையனுக்கு வாய் வருவதில்லை.

தொடக்கத்துக் கேள்விக்கு இப்போது விடை சொல்ல முடியும். தாமான் திடலில் அவன் வெறும் ஆட்டக்காரனல்லன், ‘அகாடமிப் பையன்’. நன்றாக ஆடினால், ‘இவ்வளவு ஆடுகிறாயே, பிறகு ஏன் அனுப்பினார்கள்?’ என்பார்கள், பந்து ஒருமுறை கால் தவறிப் போனால், ‘அதுதான் அனுப்பிவிட்டார்கள்’ என்பார்கள். எப்படி ஆடினாலும் தீர்ப்பு மறுபடி வாசிக்கப்படும் இடத்துக்குப் போகாமலிருப்பது சோம்பலாகாது, அது தற்காப்பு. ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் வகைப்படுத்தியபடி, மனிதர் நெருக்கடியை இரு வழிகளில் எதிர்கொள்கிறார்கள்: சிக்கலையே மாற்ற முயல்வது ஒன்று, சிக்கல் தரும் வலியைக் குறைக்க முயல்வது மற்றொன்று. விலகியிருப்பது இரண்டாம் வகை. சில நாள்களுக்கு அது மருந்தாகவே இருக்கும். மாதக்கணக்கில் நீண்டால், ஓடிப் பழகிய உடல் முடங்கி, தூக்கம் கெட்டு, நண்பர்களும் விலகிவிடுவார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மையோ பசியின்மையோ தொடர்ந்தாலும், வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு ஒருமுறை எழுந்தாலும், பள்ளி ஆலோசக ஆசிரியரையோ அரசு மருத்துவமனையையோ உடனே நாட வேண்டும். நேர்த்திக்கடன் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மீள்பவர்கள்

ஆறுதலுக்காக அடிக்கடி சொல்லப்படும் பெயர் ஜேமி வார்டி. பதினாறு வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே கழகம் விடுவித்த அவர், தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே கீழ்நிலை லீக்குகளில் ஆடி, 2012இல் லெஸ்டர் சிட்டிக்குப் போய், 2016இல் பிரிமியர் லீக் வாகையர் அணியில் இருந்தார். கதை உண்மை. ஆனால் மீண்டு வந்தவர்கள் மட்டுமே கண்ணில் படுவதால் மீள்வது வழக்கமென்று எண்ணிவிடும் பிழை, எஞ்சியோர் மயக்கம், இதில் ஒளிந்திருக்கிறது; வராதவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை. இன்னொன்றும் உண்டு: வார்டி விழுந்தபோது அவருக்குக் கீழே பல படிகள் இருந்தன. மலேசியாவில் அந்தப் படிகள் மெலிந்து வருகின்றன. 2022க்குப் பின் மலேசிய பிரிமியர் லீக் என்ற இரண்டாம் நிலை லீக் கலைக்கப்பட்டது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்து, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை வந்த கழகமும் அதே பருவத்தோடு விலகிக்கொண்டது. இன்று விடுவிக்கப்படும் பதினேழு வயதுத் தமிழ்ப் பையனிடம் வார்டியின் கதையைச் சொல்வது, ஏணியைக் காட்டாமல் மாடியை மட்டும் காட்டுவதற்குச் சமம்.

விளையாட்டை விட்டு வெளியேறியவர்களைப் பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான மீளாய்வு, எளிதாக மீண்டவர்களிடம் காணப்பட்ட பொதுத் தன்மைகளைக் காட்டுகிறது: அவர்கள் வெளியேற்றத்துக்கு முன்பே மாற்று வழியைப் பற்றி யோசித்திருந்தார்கள், தங்களை வீரனாக மட்டும் எண்ணியிருக்கவில்லை, முடிவில் தங்களுக்கும் ஓரளவு பங்கிருப்பதாக உணர்ந்தார்கள், துணை நிற்க மனிதர்கள் இருந்தார்கள். இவற்றுள் பெரும்பாலானவை விடுவிப்பு நாளுக்கு முன்பே அமைந்துவிடுபவை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர் கொடுக்கும் அறிவுரை தாமதமான மருந்து. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் படிப்பையும் விளையாட்டையும் இணைத்து நடத்தும் இரட்டைப் பாதையை வலியுறுத்தியது இதனால்தான். இலண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கழகம் பின்னர் ஒருபடி மேலே போய், விடுவித்த இளைஞர்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை அறிவித்தது.

ஆட்டத்துக்குத் திரும்பும் வழியும் உண்டு, பெரும்பாலும் அது வேறொரு பாத்திரத்தின் வழியாகவே அமைகிறது. தமிழ்ப்பள்ளிச் சிறுவர்களுக்குச் சனிக்கிழமை பயிற்சி தரும்போது அவனுடைய ஆட்டத்தை யாரும் எடைபோடுவதில்லை, அவனுக்குத் தெரிந்ததை மட்டுமே கேட்கிறார்கள். ஐந்தாண்டு அகாடமிப் படிப்பு அங்கே வீணாகாத அறிவாகிறது. 2010இல் மலேசியாவுக்கு முதன்முறையாகத் தென்கிழக்காசிய வாகையர் கிண்ணத்தை வென்று தந்த கே. ராஜகோபால் போன்றவர்களின் மரபு, பயிற்றுநர் இருக்கையில் தமிழருக்கு இடமுண்டு என்பதைக் காட்டுகிறது. நடுவர் பயிற்சி, உடற்கல்வி ஆசிரியர் படிப்பு, விளையாட்டு மருத்துவ உதவி ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

எனவே மகனுக்கு அகாடமி அழைப்புக் கடிதம் வந்திருக்கும் பெற்றோர், கையெழுத்திடும் முன் நிர்வாகத்திடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்கட்டும்: கடந்த மூன்றாண்டுகளில் விடுவிக்கப்பட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வுக்கு முன் அனுப்ப நேர்ந்தால் எந்தப் பள்ளியில் எத்தனை நாளுக்குள் இடம் ஏற்பாடு செய்யப்படும், அனுப்பிய மூன்றாவது வாரத்தில் பையனை அழைத்துப் பேசப்போகும் மனிதர் யார்.